புதிய ஸ்கூட்டரில் பழைய கீறல்: வழியில் நேர்ந்த சேதத்துக்கு யார் பொறுப்பு?

விலை பேசியாயிற்று, பணமும் கட்டியாயிற்று, பொருள் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. இந்த இடைவெளியில் அது சேதமானால் நட்டம் யாருடையது? உரோமர்கள் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அதற்கு நேர் எதிரான விடையைச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் மூன்றாவது விடை ஒன்றை எழுதி, அதை இலங்கைக்கும் விட்டுச் சென்றார்கள். ஏறாவூரில் ஷோரூம் ஒன்றில் முற்பணம் கட்டிவிட்டுப் புதிய ஸ்கூட்டருக்குக் காத்திருப்பவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வண்டியின் பக்கத்தட்டில் ஒரு கீறல் தென்பட்டதும், “இது உங்கள் கையில் பட்டது” என்று ஒருவரும் “வரும்போதே இருந்தது” என்று மற்றவரும் சொல்லத் தொடங்கினால், வாதம் அந்தப் பழைய விடைகளுக்குள்தான் போய் நிற்கிறது. அந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் பரிசீலித்து, இன்றைய இலங்கை வாங்குபவருக்கு அவற்றுள் எது உதவும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொறுப்பு எந்தக் கணத்தில் கைமாறுகிறது என்பதை விட, அதை யார் நிரூபிக்க வேண்டும் என்பதே தீர்வைத் தரும் கேள்வி என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

லொறியில் நடப்பது

முதலில் சேதத்தின் தன்மையைப் பார்ப்போம். சட்ட நூல்கள் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் பகுதி இது. இலங்கைச் சாலைகளில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு இந்தியாவில் தயாரானவை. துறைமுகத்திலிருந்தோ கொழும்புப் பக்கத்துக் களஞ்சியத்திலிருந்தோ ஏறாவூருக்கு வீதிவழியே 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். வண்டிகளை லொறியில் நெருக்கமாக நிறுத்தி, கைப்பிடியை இழுத்துக் கயிற்றாலோ பட்டியாலோ கட்டுவார்கள். அப்படி இறுகக் கட்டும்போது முன்பக்க அதிர்வுதாங்கி அமுங்கியே இருக்கும். பல மணி நேரம் அப்படிக் கிடந்த வண்டியில் எண்ணெய் அடைப்பான் கசியத் தொடங்கலாம். அந்தக் கசிவு சில வாரங்கள் ஓடிய பிறகே கண்ணில் படும். பக்கத்து வண்டியின் பிரேக் கைப்பிடி உரசினால் கீறல் விழும். அது கண்ணுக்குத் தெரியும் சேதம். ஸ்கூட்டரின் உடற்பகுதி பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் உள்ளே இருக்கும் கொக்கிகள் முறிந்தாலும் வெளித்தோற்றம் மாறாது; மேடு பள்ளத்தில் ஓடும்போது வரும் கடகட சத்தம்தான் அதைச் சொல்லும். பிரேக் தட்டு சற்று வளைந்திருந்தால் பிடிக்கும்போது கை உணரும், நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றிப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. கால்தட்டுக்குக் கீழே சட்டகத்தின் வண்ணம் உரிந்திருந்தால், வாவியும் கடலும் அருகிருக்கும் ஊரில் உப்புக்காற்று அங்கேதான் துருவைத் தொடங்கி வைக்கும்.

ஆகவே இங்கே சேதம் இரு வகைப்படுகிறது. ஒன்று, ஒப்படைக்கும் இடத்திலேயே கண்ணில் படக்கூடியது. மற்றது, ஓடிப் பார்த்தால் மட்டுமே, சில வேளை பல மாதம் கழித்தே, வெளிப்படுவது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத எந்தச் சட்டக் கோட்பாடும் ஸ்கூட்டர் விடயத்தில் பாதி விடையைத்தான் தரும். நேரம் பற்றிய வேறுபாடும் ஒன்று உண்டு. இறக்குமதியாளரிடமிருந்து ஷோரூமுக்கு வரும் வழியில் நேர்ந்த சேதம், பல சமயம் விற்பனைக்கு முந்தியது. அந்தச் சேதத்தைப் பொறுத்தவரை வாங்குபவருக்கு நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வியே எழுவதில்லை. தன்னிடம் அது சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி. ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், அல்லது பதிவுசெய்து காத்திருக்கும் காலத்தில் நேர்ந்ததே உண்மையான ‘இடைவெளிச் சேதம்’. நடைமுறையில் இவை இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. குழப்பத்தால் பயனடைவது பெரும்பாலும் விற்றவர்தான்.

வாங்கியவன் தலையில்: உரோமர் விடை

கி.பி. 533இல் யுஸ்தினியன் பேரரசரின் பெயரால் வெளியான சட்டப் பாடநூல் தொகுத்துத் தந்த உரோம விதி, இன்று கேட்டால் கடுமையாகத் தோன்றும். விற்பனை ஒப்பந்தம் நிறைவுற்ற கணத்திலிருந்தே ஆபத்து வாங்குபவருடையது. பொருள் இன்னும் விற்பவரின் வீட்டில் இருந்தாலும் அப்படித்தான். விலையைக் கொடுத்தே தீர வேண்டும். இந்த விதிக்குப் பின்னாலுள்ள நியாயம், ஒப்பந்தத்துக்குப் பிறகு பொருளின் விலை ஏறினால் அந்த இலாபம் வாங்கியவருக்கே என்பதால் இழப்பும் அவருக்கே என்பது. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது உரோமருக்கு நியாயம் செய்ததாகாது. விற்பவர் பொருளைக் கவனமாகப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர். அவர் அசட்டையால் கெட்டதென்றால் பொறுப்பு அவருடையதே. மேலும், எது விற்கப்பட்டது என்று குறிக்கப்படாத பொதுப்பொருளுக்கு இந்த விதி பொருந்தாது. “சிவப்பு நிறத்தில் ஒன்று” என்று பதிவுசெய்த ஸ்கூட்டருக்கு, அதன் சட்டக இலக்கம் ஒதுக்கப்படும் வரை, உரோம விதியின்படியும் வாங்குபவர் ஆபத்தைச் சுமக்க மாட்டார்.

உரோமரின் இரண்டாவது பங்களிப்பு இதைவிட நீடித்தது. சந்தையை மேற்பார்வை செய்த நீதவான்கள் அடிமைகளும் கால்நடைகளும் விற்பவர்கள் குறைகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். விற்றவருக்குக் குறை தெரியாது என்பது அங்கே தற்காப்பாகவில்லை. வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பலாம், அல்லது ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கேட்கலாம். யுஸ்தினியன் காலத்தில் இது எல்லாப் பொருள்களுக்கும் விரிந்தது. ஒல்லாந்தர் வழியாக இந்த உரோமச் சட்டம் இலங்கையின் பொதுச்சட்டமாயிற்று. 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து அவர்கள் கைப்பற்றிய கோட்டை மட்டக்களப்பில் இன்றும் வாவியோரம் நிற்கிறது. பெயர் பெற்ற உரோம–ஒல்லாந்தச் சட்டம் இன்றும் நம் நீதிமன்றங்களில் உண்டு. பொருள் விற்பனையில் மட்டும் 1896ஆம் ஆண்டு அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது.

உரிமை எங்கே ஆபத்து அங்கே: 1896இன் விடை

1893இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய பொருள் விற்பனைச் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது இலங்கையின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதன் அடிப்படை விதி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஆபத்து உரிமையோடு சேர்ந்தே போகும் என்பது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் அதே தாயின் பிள்ளை. உரிமை எப்போது கைமாறுகிறது? இரு தரப்பும் கருதிய நேரத்தில். அது தெளிவாக இல்லாவிட்டால் சட்டம் சில ஊகங்களைத் தருகிறது: குறித்த பொருள், ஒப்படைக்கத்தக்க நிலையில் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த அந்தக் கணத்திலேயே. குறிக்கப்படாத பொருளென்றால் அது ஒதுக்கப்படும் வரை மாறாது.

இதை ஸ்கூட்டருக்குப் பொருத்திப் பார்த்தால் விற்பவருக்கு வாய்ப்பான ஒரு வாதம் எழும். விலைப்பட்டியலில் சட்டக இலக்கமும் இயந்திர இலக்கமும் எழுதப்பட்டு, வாங்குபவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். எனவே வண்டி கொழும்பில் லொறியில் ஏறும்போதே அவருடையது. வழியில் பட்ட கீறலும் அவருடையதே. வாதம் அழகானது, ஆனால் ஓட்டை உள்ளது. ஒப்படைக்கத்தக்க நிலைக்குப் பொருளைக் கொண்டுவர விற்பவர் இன்னும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், அதைச் செய்து வாங்குபவருக்கு அறிவிக்கும் வரை உரிமை மாறாது என்பதும் அதே சட்டத்தின் விதிதான். 1922இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. 30 தொன்னுக்கும் மேற்பட்ட ஓர் இயந்திரம் விற்கப்பட்டது. அதைத் தரையிலிருந்து பெயர்த்து ரயிலில் ஏற்றிக் கொடுப்பது விற்பவர் வேலை. ஏற்றும்போது அதன் ஒரு பாகம் உடைந்தது. பெயர்த்தெடுக்கும் வேலை பாக்கியிருந்ததால் அது ஒப்படைக்கத்தக்க நிலையில் இருக்கவில்லை, உரிமை மாறவில்லை, நட்டம் விற்பவருக்கே என்றது நீதிமன்றம். புதிய ஸ்கூட்டருக்கு ஒப்படைப்புக்கு முந்திய சோதனை உண்டு; ஷோரூம்காரர்கள் பி.டி.ஐ. என்பார்கள். பற்றரி ஏற்றுதல், டயர்க் காற்று, திருகாணி இறுக்கம், எண்ணெய் மட்டம், கண்ணாடி பொருத்துதல் எல்லாம் அதில் அடங்கும். அந்தச் சோதனை முடியாத வண்டி, இந்த வாசிப்பின்படி, இன்னும் ஷோரூமின் வண்டிதான். இலங்கை நீதிமன்றம் ஒன்று ஸ்கூட்டர் வழக்கில் இதை ஏற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சட்டத்தின் சொற்களுக்கு இது முரணானதல்ல என்று மட்டும் சொல்லலாம்.

1896இன் பெரிய பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விற்கும் பொருள் வணிகத் தரம் உடையதாக இருக்க வேண்டும் என்பது சட்டம் தானாகவே ஏற்படுத்தும் நிபந்தனை. ஆனால் வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1919இல் இங்கிலாந்தில் பசைப் பீப்பாய்களை வெளியே மட்டும் பார்த்து வாங்கியவர்கள், திறந்து பார்க்க வாய்ப்பிருந்தும் பார்க்கவில்லை என்பதால் தோற்றார்கள். விளைவு விசித்திரமானது. ஒன்றுமே பார்க்காமல் கையெழுத்துப் போட்டவரை விட, ஒருமுறை சுற்றி வந்து பார்த்து ஒரு கீறலைத் தவறவிட்டவரின் நிலை மோசமாகலாம். நல்ல வெளிச்சமில்லாத ஷோரூமில், வண்டிக்கு மாலை போட்டு, பின்னால் வீட்டார் காத்து நிற்க, ஒப்படைப்புத் தாளில் “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற வரியின் கீழே வாங்கும் கையெழுத்துக்குச் சட்டம் இவ்வளவு கனம் கொடுப்பது நியாயமா என்பது கேள்விக்குரியது.

ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பவும் முடியாது. நட்டஈடு மட்டுமே கேட்கலாம். ஏற்றுக்கொள்ளல் எப்போது நடந்ததாகக் கொள்வது என்பதில் ஆங்கில நீதிமன்றங்களே தடுமாறியிருக்கின்றன. 1980களில் ஒரு வழக்கில், மூன்று வாரத்தில் ஏறத்தாழ 140 மைல் மட்டும் ஓடிப் பழுதான புதிய காரைத் திருப்பும் காலம் கடந்துவிட்டது என்று முடிவாயிற்று. அதே பத்தாண்டில் இன்னொரு வழக்கில், 5,500 மைல் ஓடிய புதிய வாகனத்தை, வண்ணப்பூச்சு உட்பட்ட குறைகளுக்காக நிராகரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. புதிதென்று விற்றதில் தோற்றமும் ஒரு தரம் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்று, 1994இல் பிரித்தானியச் சட்டத்திலேயே ஏறியது: தோற்றம், பூச்சு, சிறு குறையின்மை ஆகியவையும் தரத்தின் கூறுகள். நமது 1896ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரிகள் இல்லை.

கைக்கு வந்த பின்னரே: ஃபிக்ஹின் விடை

ஏறாவூர் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் வணிக ஊர் என்பதால் ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலின் விடையை ஓர் அந்நியக் கோட்பாடாகக் கடந்துபோக முடியாது. இலங்கையில் முஸ்லிம் சட்டம் திருமணம், வாரிசுரிமை, வக்ஃபு போன்றவற்றுக்கே பொருந்தும். பொருள் விற்பனை பொதுச் சட்டத்தின் கீழ்தான். ஆனால் வணிகத்தில் எது நேர்மை என்ற உணர்வுக்கு மார்க்கக் கல்வியும் ஓர் ஊற்று. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) பொதுநிலை தெளிவானது: வாங்குபவர் பொருளைக் கைப்பற்றும் வரை அது விற்பவரின் பொறுப்பில் உள்ளது. அதற்குள் அழிந்தால் விற்பனை கலைகிறது. அழியாமல் குறை மட்டும் ஏற்பட்டால், வாங்குபவர் திருப்பலாம் அல்லது முழு விலைக்கு ஏற்கலாம். 1869 முதல் 1876 வரை உதுமானியர் ஹனஃபி அடிப்படையில் தொகுத்த மஜல்லா சட்டக்கோவையும் ஒப்படைப்புக்கு முந்திய இழப்பை விற்பவர்மீதே வைக்கிறது. பயனை அனுபவிப்பவரே பொறுப்பையும் சுமக்க வேண்டும் என்ற பொதுவிதி இரண்டுக்கும் அடித்தளம். மாலிக்கி மத்ஹப் பல பொருள்களில் ஒப்பந்தத்தோடே ஆபத்து மாறும் என்று கொள்வதால், ஃபிக்ஹ் முழுவதும் ஒரே குரலில் பேசுகிறது என்று சொல்லிவிட முடியாது.

இந்த விடையின் பலம், பொருளைக் காக்கக்கூடியவரிடமே ஆபத்தை வைப்பது. லொறியை ஏற்பாடு செய்தவர், கட்டும் முறையைத் தீர்மானித்தவர், காப்புறுதி எடுக்கக்கூடியவர் எல்லாம் விற்பவர் பக்கமே. அதன் இறுக்கம் பரிகாரத்தில்தான். குறையுள்ள பொருளை வைத்துக்கொண்டு விலைக் குறைப்புக் கேட்பதை மஜல்லா பொதுவாக அனுமதிப்பதில்லை. எடு, அல்லது விடு. ஆறாயிரம் ரூபாய்க் கீறலுக்காக முழு வண்டியையும் திருப்பி, மீண்டும் பல வாரம் காத்திருக்க யாரும் விரும்பமாட்டார்கள். அங்கே உரோமரின் விலைக் குறைப்பு வழக்கே நடைமுறைக்கு ஒத்தது. பழைய இந்திய நூல்கள் வேறொரு வழியைப் பிடித்தன: குறையை ஆராய்வதற்குப் பதிலாகக் காலக்கெடு கொடுத்தன. மனு, வாங்கியதையோ விற்றதையோ பற்றி மனம் மாறினால் பத்து நாளுக்குள் திருப்பலாம் என்கிறார். அர்த்தசாஸ்திரம் வணிகருக்கு ஓர் இரவும் உழவருக்கு மூன்று இரவும் தருகிறது.

நவீன உலகம் மெல்ல மெல்லக் கைப்பற்றல் விடையை நோக்கியே நகர்ந்திருக்கிறது. 1804இன் பிரெஞ்சுக் கோவை உரிமையோடு ஆபத்தைக் கட்டியது. 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் கோவை ஒப்படைப்போடு கட்டியது. 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய நெறிப்படுத்தலும் 2015ஆம் ஆண்டு பிரித்தானிய நுகர்வோர் உரிமைச் சட்டமும், பாவனையாளருக்கு அனுப்பப்படும் பொருளின் ஆபத்து அவர் கையில் உண்மையாகவே கிடைக்கும் வரை வணிகரிடமே என்று எழுதிவிட்டன. 1893இல் உரிமைக் கோட்பாட்டை எழுதித் தந்த நாடே பாவனையாளர் விற்பனையில் அதைக் கைவிட்டுவிட்டது; நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இரண்டு உரிமையாளர்கள்: லீசிங்கின் சிக்கல்

மேற்சொன்ன மூன்று விடைகளும் இரண்டு பேர் மட்டுமே உள்ள விற்பனையைக் கற்பனை செய்கின்றன. இன்று ஸ்கூட்டர்கள் பெருமளவில் லீசிங்கில் போகின்றன. வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனம் முழு உரிமையாளர், ஓட்டுபவர் பதிவுசெய்த உரிமையாளர். ஷோரூமிடம் வாங்கியவர் சட்டப்படி லீசிங் நிறுவனம். வண்டியைத் தேர்ந்தவரும் பெற்றவரும் தவணை கட்டுபவரும் வேறொருவர். 1896இன் சட்டம் தரும் வணிகத் தர நிபந்தனை விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள வாங்குபவருக்குரியது. அப்படியானால் கீறலைப் பற்றி ஷோரூமிடம் கேட்க யாருக்கு உரிமை? இலங்கையில் 2000ஆம் ஆண்டு 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இத்துறையை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் அன்றாட ஒப்பந்தப் படிவங்களின் போக்கு, பொருளின் நிலை பற்றிய பொறுப்பைக் குத்தகைதாரர் பக்கம் தள்ளுவதாகவே இருக்கிறது. வண்டி பழுதானாலும் தவணை நிற்காது. சர்வதேச அளவில் 1988இல் ஒட்டாவாவில் கையெழுத்தான நிதிக் குத்தகை உடன்படிக்கை இந்த இடைவெளியைக் கண்டுகொண்டது. பொருளைத் தேர்ந்தெடுத்தது குத்தகைதாரர் என்பதால் நிதி நிறுவனத்தைப் பொதுவாக விடுவித்தது. அதற்கு ஈடாக, விற்பவரின் கடமைகள் குத்தகைதாரருக்கும் நேரடியாக உரியவை என்றது. ஒன்றை எடுத்தால் மற்றதையும் கொடு என்ற இந்தச் சமநிலை நமது படிவங்களில் எளிதில் காணக் கிடைப்பதில்லை.

வட்டியில்லா நிதியில் கோட்பாடளவில் நிலைமை வேறு. முராபஹா முறையில் நிதி நிறுவனம் பொருளை முதலில் தான் வாங்கிக் கைப்பற்றி, அதன் ஆபத்தைச் சிறிது நேரமாவது சுமந்த பின்னரே வாடிக்கையாளருக்கு விற்க வேண்டும். இஜாரா குத்தகையிலோ உரிமையாளர் என்ற வகையில் பொருளின் அடிப்படைப் பொறுப்பு நிறுவனத்திடமே. 2011 முதல் இயங்கும் அமானா வங்கி போன்றவை இம்முறைகளை இலங்கையில் பரவலாக அறிமுகப்படுத்தியிருக்கின்றன. ஆனால் ஷோரூமிடமிருந்து வண்டியைப் பெற வாடிக்கையாளரையே தன் முகவராக நிறுவனம் நியமித்துக்கொண்டால், அந்தச் சிறிது நேரப் பொறுப்பு தாளில் மட்டும்தான் எஞ்சும். இந்தக் குறையை இஸ்லாமிய நிதித்துறை விமர்சகர்களே பலமுறை சுட்டியிருக்கிறார்கள்.

சொல்லாமல் விற்பது: மூன்று வீதக் கதை

ஷோரூமுக்கு வருமுன்பே சேதமாகி, திருத்தி, வண்ணம் பூசி, புதிதென்று விற்கப்பட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு உலகில் மிகவும் அறியப்பட்ட வழக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எழுந்தது. 1990இல் மருத்துவர் ஒருவர் ஏறத்தாழ 40,750 டொலருக்குப் புதிய பீ.எம்.டபிள்யூ கார் ஒன்றை வாங்கினார். ஒன்பது மாதம் கழித்தே அதன் ஒரு பகுதி மீள வண்ணம் பூசப்பட்டது தெரிந்தது. விற்பனைக்கு வருமுன் அமில மழை பட்டிருக்கக்கூடும். திருத்தச் செலவு 601 டொலர். சில்லறை விலையில் 3 வீதத்துக்கு மேற்படாத திருத்தங்களை விற்பனையாளரிடமே சொல்வதில்லை என்பது அந்நிறுவனத்தின் கொள்கை. நடுவர் குழு 4,000 டொலர் நட்டஈடும் 40 இலட்சம் டொலர் தண்டனை ஈடும் வழங்கியது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையைப் பாதியாக்கிற்று. 1996 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அதுவும் அளவு கடந்தது என்றது. கடைசியில் 50,000 டொலரில் முடிந்தது. தண்டனைத் தொகை குறித்தே அந்த வழக்கு நினைக்கப்படுகிறது. ஆனால் 4,000 டொலர் நட்டஈடு, அதாவது மறுவிற்பனை மதிப்பில் ஏறத்தாழ 10 வீத இழப்பு, கவனத்துக்குரியது: 601 டொலரில் திருத்திவிட்டாலும் மதிப்பிழப்பு அத்தோடு தீர்வதில்லை.

3 வீத எல்லை நியாயமா? அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் சட்டங்களே அந்த அளவை ஏற்றிருந்தன. அதற்குக் கீழே எல்லாவற்றையும் அறிவிக்கச் சொன்னால் வணிகம் தாள்களில் மூழ்கும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எழுதிக் கொடுக்கும் செலவு ஒரு வரி மட்டுமே. அந்த நிறுவனமே பின்னர் எல்லாத் திருத்தங்களையும் அறிவிக்கும் கொள்கைக்கு மாறியது என்பது அது முடியாத காரியமல்ல என்பதைக் காட்டும். அறிவித்தால் விலை பேசலாம். அறிவிக்காவிட்டால் அந்தப் பேரம் ஒருவர் மட்டும் பேசிய பேரம்.

தவறு யாருடையது என்பதில் இன்னொரு சுவரும் உண்டு. 2009இல் தயாராகி ஷோரூமில் கிடந்து ஓரளவு ஓடியும் விட்ட காரை 2011இல் புதிதென்று விற்றதாகக் கோவாவில் எழுந்த வழக்கில், 2021 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், முகவரின் செயல் உற்பத்தியாளரான டாட்டா மோட்டர்ஸுக்குத் தெரிந்திருந்தது என்று நிறுவப்படாத நிலையில் அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்க மறுத்தது. முகவர் சொந்தக் கணக்கில் வாங்கி விற்பவர், உற்பத்தியாளரின் கையாளல்ல என்பது காரணம். சட்டப்படி குறை சொல்ல இடமில்லாத தீர்ப்பு. ஆனால் உற்பத்தியாளரின் பெயர்ப்பலகையை நம்பி உள்ளே நுழையும் சிறிய ஊர்ப் பாவனையாளர், அந்தப் பெயர் தனக்குத் தரும் உறுதி எவ்வளவு மெலிந்தது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நிரூபணச் சுமை

மேலே கண்ட விடைகள் எதை எடுத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: கீறல் எப்போது பட்டது? பாதுகாப்பை முழுவதும் வாங்குபவருக்குத் தரும் ஷாஃபி விடையில்கூட, குறை கைப்பற்றலுக்கு முந்தியது என்று தெரிந்தால்தான் பயன். வழக்கு நடத்தும் பொது விதியின்படி சொல்பவரே நிறுவ வேண்டும். வாங்குபவருக்கோ லொறியில் ஏற்றியபோது எடுத்த படமும் இல்லை, களஞ்சியத்தின் பதிவேடும் இல்லை. அந்தத் தகவல்கள் எல்லாம் இருப்பது ஷோரூமிடமும் இறக்குமதியாளரிடமும். ஆபத்து எப்போது மாறுகிறது என்று எவ்வளவு நுட்பமாக எழுதினாலும், தகவல் ஒருபக்கமும் சுமை மறுபக்கமும் இருக்கும் வரை அந்த நுட்பம் வீண். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இதைப் புரிந்துகொண்டது: ஒப்படைத்து ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாக ஊகிக்கப்படும், இல்லை என்று விற்பவர் நிறுவட்டும். 2019இல் அந்தக் காலம் ஓராண்டாக நீண்டது. பிரித்தானியாவில் அது ஆறு மாதம். இலங்கையின் 1896ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படியொரு ஊகம் எழுதப்படவில்லை. இந்த ஒரு வரியைச் சேர்ப்பது, ஆபத்துக் கோட்பாடு முழுவதையும் மாற்றி எழுதுவதை விட அதிகம் உதவும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, ஏமாற்று பெருகும் என்பது. வீட்டு வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஷோரூமுக்கு வருவார்கள் என்று விற்பவர்கள் அஞ்சுவது பொய்யல்ல. கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கு ஆறு மாத ஊகம் கொடுப்பது உண்மையிலேயே மிகை. ஆகவே இரு வகைச் சேதத்துக்கும் இரு காலம் என்பதே நியாயமாகத் தோன்றுகிறது: வெளிச்சேதத்துக்கு ஓரிரு நாள், அதுவும் இரு தரப்பும் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து பார்த்து எழுதிய பட்டியல் இல்லாதபோது மட்டும், அதிர்வுதாங்கி, பிரேக் தட்டு, உட்கொக்கி போன்றவற்றுக்கு நீண்ட காலம். அப்படிப்பட்ட பட்டியல் நேர்மையான ஷோரூமுக்கும் காவல்தான். இரண்டாவது மறுப்பு, சிறிய ஊரின் முகவர் இந்தச் செலவைத் தாங்கமாட்டார், விலையில் ஏற்றுவார் என்பது. ஏற்றலாம். ஆனால் வருடம் முழுவதும் லொறிகளைப் பெறும் முகவருக்கு எந்தக் கட்டும் முறை சேதம் தருகிறது என்று தெரியும், இறக்குமதியாளரோடு பேசித் திருத்தவும் முடியும். பல ஆண்டுக்கொருமுறை வண்டி வாங்கும் ஆசிரியைக்கோ மீன் வியாபாரிக்கோ அது முடியாது. இழப்பை மலிவாகத் தவிர்க்கக்கூடியவர்மீது சுமத்து என்ற சட்ட அறிஞர் கலாப்ரேசியின் 1970ஆம் ஆண்டு வாதம் விபத்துகளைப் பற்றி எழுந்தது. அதை விற்பனைக்கு அப்படியே பெயர்ப்பதில் அவதானம் வேண்டும் என்றாலும், இந்த இடத்தில் அது பொருந்துகிறது.

மூன்றாவது மறுப்பு அற்பம் பற்றியது. ஒரு கீறலுக்கு இவ்வளவா? புதிது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுக்கப்படுகிறது. அதோடு, கீறல் சில வேளை உள்ளே நடந்ததற்கு வெளியடையாளம். ஷோரூமின் பதில் பெரும்பாலும் “உங்கள் முழுக் காப்புறுதியில் போட்டுக்கொள்ளலாம்” என்று வருவதுண்டு. அதை ஏற்கவே கூடாது. காப்புறுதி தொடங்குமுன் இருந்த சேதத்தைப் பின்னர் நடந்ததாகக் கோருவது பொய்க் கூற்று. வழியில் பட்ட சேதத்துக்குரிய காப்புறுதி அனுப்பியவருடையது.

இலங்கையில் திறந்திருக்கும் வாசல்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய டியோ ஸ்கூட்டரும் நல்ல விலைக்குப் போனது; கிடைத்ததே பெரிது என்ற மனநிலையில் யாரும் கீறல் எண்ணவில்லை. தட்டுப்பாடு வாங்குபவரின் எந்தச் சட்ட உரிமையையும் கரைத்துவிடும், ஏனெனில் நிராகரித்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சந்தை திறந்திருக்கும் காலம்தான் உரிமைகளைப் பழக்கப்படுத்தும் காலம். 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், பொறுப்பை முற்றாக விலக்கும் அச்சடித்த வரிகளுக்கு எல்லை வகுக்கிறது. சிறு தொகைப் பிணக்குகள் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்கே முதலில் போகும்; கீறல் விடயத்தில் விலைக் குறைப்புப் பேசி முடிக்க நீதிமன்றத்தை விட அது ஏற்ற இடம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, விசாரணையின் பின் நட்டஈடு, மாற்றுப்பொருள், பணம் திருப்பல் ஆகியவற்றுக்குக் கட்டளையிட அதிகாரம் பெற்றது.

தீராதவை சில உண்டு. லீசிங்கில் எடுத்தவர் ஷோரூமைத் தன் பெயரில் கேட்கலாமா என்பதற்குத் தெளிவான சட்டமன்ற விடை வேண்டும். எவ்வளவு திருத்தத்துக்கு மேல் அறிவிக்க வேண்டும் என்பதற்கு நமக்கு அளவுகோல் இல்லை. மின்சார ஸ்கூட்டர்கள் வரவர இது இன்னும் கடினமாகும்: லித்தியம் பற்றரித் தொகுதி லொறியில் வாங்கிய அடியைப் பட்டியல் எழுதி எந்தக் கண்ணும் பிடிக்காது, அங்கே நிரூபணச் சுமையை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சட்டம் மாறும் வரை, வண்டியைப் பகலில் பெறுங்கள், ஓட்டிப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள், கண்டதை ஒப்படைப்புத் தாளிலேயே எழுதி ஒரு பிரதியை வாங்குங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.